பள்ளிக்கூட வேனில் கொங்கண் கடற்கரை

தங்கையின் பிரசவத்துக்காக மெல்பர்னில் மூன்று மாதம் இருந்தேன். அந்த ஊரில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். கடற்கரை ஓரத்தில் ஒரு வேன் நிற்கும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கணவனும் மனைவியும் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை, கோப்பை கழுவ ஒரு சின்னத் தொட்டிகூட. எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரமே அவர்களுக்கு இல்லை. வீடே கூட வந்துவிட்டதே!

புனே திரும்பியதும் இதை முதலில் சொன்னது செல்வியிடம். செல்வி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். ஔந்திலிருக்கும் எங்கள் வீட்டு வாசலில் பத்து வருடம் ஹாரன் அடித்து என் மகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போனவள். மகள் கோயம்புத்தூருக்குக் கல்லூரி படிக்கப் போன பிறகும், சனிக்கிழமைகளில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவாள். அவள் அப்பா ஆரணியிலிருந்து புனேயின் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். செல்வி பிறந்ததே கட்கியில்தான். அவள் பேசும் தமிழில் பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும்.

"அதுல இன்னா மேடம் இருக்குது?" என்றாள். "என் வண்டில ரெண்டு பக்கமும் லம்பா சீட்டு. நடுவுல ஒரு பலகை போட்டா கட்டில் ரெடி. மே மாசம் ஸ்கூல் லீவுதானே? சலோ, போலாம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை வண்டியோடு வந்து கதவைத் திறந்து காட்டினாள். இரண்டு நீள இருக்கைகளுக்கு நடுவே மூன்று பலகைகள், மேலே மெத்தை, ஜன்னல்களுக்குப் பழைய புடவைத் திரை, மூலையில் சின்ன காஸ் அடுப்பு, தண்ணீருக்கு ஒரு நீல டிரம். முன்னால் மட்டும் 'ஸ்கூல் பஸ்' என்ற மராத்தி எழுத்து அப்படியே இருந்தது.

மூன்றாவது ஆள் சுனந்தா. நான் வேலை பார்க்கும் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருப்பவள், சோலாப்பூர்க்காரி. நாற்பத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. "என்னை விட்டுவிட்டுப் போனால் உன்னோடு பேசமாட்டேன், ராஜி" என்று மராத்தியில் மிரட்டி லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் விருதுநகர்க்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் லாரி வந்தால்தான் அலையடிக்கும். ஆக, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பெண்கள் 2004 மே மாதம் கடலோரப் பயணம் கிளம்பினோம்.

கிளம்பும்போது நான் செல்வியிடம் ஒன்று சொன்னேன். "இந்தப் பத்து நாளும் மேடம் கீடம்னு கூப்பிடக் கூடாது. அக்கான்னு சொல்லு."

"சரிங்க மேடம்" என்றாள். மூவரும் சிரித்தோம்.

முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே புனேயை விட்டுவிட்டோம். தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கும்போது செல்வி பேசமாட்டாள், பாட்டும் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறை ஹாரன், பிறகு எதிரில் வருபவனுக்கு வழிவிட்டு ஒதுங்கல். இருபது பிள்ளைகளை ஏற்றிப் பழகிய கை அது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, டம்ளரில் இருந்த டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. என் கணவர் கார் ஓட்டும்போது இந்தப் பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறேன்.

மலை இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். எழுத்தைப் படித்தார், எங்களைப் பார்த்தார். "லீவு நாளில் ஸ்கூல் பஸ் எங்கே போகிறது? பிள்ளைகள் எங்கே?"

சுனந்தா தலையை நீட்டி, "நாங்கள்தான். நான் இந்த வருஷம் ஃபெயில்" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தையையும் அடுப்பையும் திரையையும் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "என் மனைவியிடம் இதைச் சொல்லக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வழிவிட்டார்.

பிற்பகல் ஸ்ரீவர்த்தனில் சுனந்தா கடலைப் பார்த்தாள். கத்துவாள், ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றாள். வெகு நேரம் கழித்து, "இவ்வளவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று ஒரு பாக்குத் தோப்பு வீட்டுக்காரர் தன் முற்றத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தார். மெல்பர்ன் வேன்காரர்களுக்குக் கடற்கரைக்குக் கடற்கரை கழிப்பறையும் குளியலறையும் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே எங்களுக்கு அதைக் கொடுத்தது வீட்டுப் பெண்கள்தான். எந்த ஊரிலும் நாங்கள் கேட்பதற்கு முன்பே, "பின்பக்கம் போங்கள் தாயி, வாளியில் தண்ணீர் இருக்கிறது" என்று ஒருத்தி சொல்லிவிடுவாள். எங்களைப் போன்ற மூன்று பெண்களுக்கு முதலில் என்ன தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் கொங்கணைப் பற்றி எழுத முடியாது. காலையில் ஆம்போளி. நம் ஊர் ஆப்பமும் தோசையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துச் சேர்ந்தால் அப்படி வரும். மத்தியானம் சோற்றோடு தேங்காய்ப்பால் மீன்குழம்பு. முடிவில் ரோஜா நிறத்தில் ஒரு தம்ளர் சோல்கடி. புளிப்பான கோகம் பழத்தைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டது. முதல் வாயில் முகம் சுளித்தேன். மூன்றாம் தம்ளரை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் விருதுநகரில் வெயில் காலத்துக்கு மோர் உண்டு. ஆனால் வெயிலைப் பார்த்து இவ்வளவு அழகாகச் சிரிக்கும் பானம் கிடையாது.

இரண்டாம் நாள் வழி தவறினோம். ஒரு கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகவேண்டும். நான்தான் வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னேன். சாலை ஒரு மாந்தோப்புக்குள் போய் முடிந்துவிட்டது. தோப்புக்காரர் துளியும் ஆச்சரியப்படவில்லை. "வாரத்துக்கு ஒரு வண்டி இப்படி வரும்" என்று சொல்லி, தோலில் புள்ளி விழுந்து மும்பைக்கு அனுப்ப முடியாத அல்போன்சாப் பழங்களை ஒரு கூடை கொட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம்வரை மூவரும் முழங்கை வரை சாறு ஒழுகச் சாப்பிட்டோம். செல்வி கொட்டையைச் சப்பிக்கொண்டே ஒரு கையால் ஸ்டீரிங்கைத் தொட்டபோது மட்டும் நான், "அம்மாடி, வண்டிய நிறுத்திட்டுச் சாப்பிடு" என்றேன். உடனே நிறுத்திவிட்டாள். நான் எதைச் சொன்னாலும் செல்வி உடனே செய்துவிடுவாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, தாபோலிக்கு வடக்கே ஒரு சின்ன மீனவ கிராமத்தைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தோம். சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் சரிவு. அதற்கு அப்பால், சிமெண்டு பூசியதுபோல ஈரமணல். கடல் எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. மணலில் ஒரு மாட்டுவண்டித் தடம் நேராக நீரை நோக்கிப் போயிருந்தது.

செல்வி சரிவில் நிறுத்தினாள். "மணல்ல எறக்கறது சரியா வராதுன்னு தோணுது மேடம்… அக்கா."

என் மனதில் மெல்பர்ன் வேன்தான் நின்றது. பின்கதவைத் திறந்தால் கடல். "மாட்டுவண்டியே போயிருக்கு பாரு. ஒரு காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிரலாம். அதுக்குத்தானே இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றேன்.

அவள் மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முதல் கியரைப் போட்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காப்பி என் வாழ்க்கையிலேயே நான் குடித்த மிக நல்ல காப்பி. வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தோம்; பின்கதவு கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. கால்களைத் தொங்கவிட்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சுனந்தா உப்புமா கிளறினாள். நான் சிப்பி பொறுக்கப் போனேன். மணி எட்டே முக்காலானது.

செல்வி வண்டியைக் கிளப்பினாள். பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னொரு முறை. சக்கரம் மணலை வாரி இறைத்தபடி பாதி புதைந்தது. கட்டில் பலகை மூன்றையும் உருவிச் சக்கரத்தடியில் கொடுத்தோம். பலகையும் சேர்ந்து புதைந்தது. நானும் சுனந்தாவும் கையால் மணலைத் தோண்டினோம். தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, தூரத்தில் இருந்த அந்த வெள்ளைக் கோடு பாதி வழி வந்திருந்தது.

ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் பார்த்தவள் நான். எனக்குத் தெரிந்த கடல் காலையில் எங்கே அலையடிக்குமோ, ஏறக்குறைய சாயங்காலமும் அங்கேதான் அடிக்கும். இந்தப் பக்கத்துக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊருக்குள் வந்துவிட்டுப் போகும் கடல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சுனந்தா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கிராமத்தை நோக்கி ஓடினாள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்கூட இல்லை. கணக்குப் போடும்போது ஒரு வரியை விட்டுவிட்டவள்போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பதினான்கு வருடம் யார் யாருடைய ஆட்டோவையோ வேனையோ ஓட்டிவிட்டு, போன வருடம்தான் இது அவள் பெயருக்கு வந்திருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் இருபது வீடுகளில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு அவளுக்காக நிற்கும்.

முதல் அலை பின்சக்கரத்தைத் தொட்டதும் அவள் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தாள். அந்த நேரம் சரிவிலிருந்து ஓர் ஆள் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "சாவியைத் தொடாதே! தொடாதே! எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கதை முடிந்தது!" வந்த வேகத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்ராஹிம் மிஸ்திரி. ஊரிலுள்ள படகு எஞ்சின்களையெல்லாம் பழுது பார்ப்பவர். எஞ்சின் சத்தத்தில் ஒரு காது போய்விட்டதால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார்.

அவர் பின்னால் ஊரே வந்தது. சுனந்தா போய் நின்ற இடம் மீன் ஏலம் நடக்கும் மணல்திட்டு. ஏலம் விடுபவர் பார்வதிபாய் என்ற பெண்மணி; ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற குரல். சுனந்தா மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கூடைகளின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, "வாங்கடா எல்லாரும்" என்று கிளம்பிவிட்டாராம். முப்பது நாற்பது பேர். தோளில் படகுக் கயிறு, கையில் மீன் எண்ணெய் தடவிய வழவழப்பான கட்டைகள். படகைக் கரையேற்றும்போது அடியில் போடும் கட்டைகள் அவை.

பார்வதிபாய் எங்களைத் திட்டிக்கொண்டேதான் வேலையை ஆரம்பித்தார். "நேற்று பௌர்ணமி. இன்றைக்கு உதாண், கடலின் பெரிய ஏற்றம். என் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும். படித்த பெண்கள் நீங்கள், நிலாவைப் பார்ப்பதே இல்லையா?"

சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கினார்கள். முன்பக்கம் கயிறு கட்டினார்கள். நான் நினைத்தது, எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுப்பார்கள் என்று. அவர்கள் இழுக்கவில்லை. தண்ணீர் சக்கரத்தை மூடியது, படிக்கட்டை மூடியது, உள்ளே தரைக்கு வந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "இழுங்களேன், ஏன் நிற்கிறீர்கள்?" என்று கத்தினேன்.

"அலை தூக்கிக் கொடுக்கும், அப்போதுதான் இழுக்கணும்" என்றார் பார்வதிபாய். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு கையை உயர்த்திக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இல்லை… இதுவும் இல்லை…" பிறகு கை இறங்கியது. "ஹோ!"

பெரிய அலை வண்டியின் அடியில் புகுந்தது. மணலின் பிடி தளர்ந்தது. நாற்பது பேர் ஒரே குரலில் இழுக்க, வண்டி ஒரு முழம் முன்னால் வந்தது. உடனே இரண்டு பேர் முங்கிச் சக்கரத்தடியில் கட்டையைத் திணித்தார்கள். மறுபடி கை உயர்ந்தது. மறுபடி காத்திருப்பு. எந்தக் கடல் வண்டியைக் கொண்டுபோக வந்ததோ, அதைக் கொண்டே வண்டியைக் கரையேற்றினார்கள்.

இத்தனைக்கும் செல்வி வண்டியை விட்டு இறங்கவில்லை. பெடல்கள் தண்ணீருக்குள் இருந்தன. "இறங்கு, இறங்கு" என்று நான் கத்தியதற்கு ஒரே ஒரு பதில்தான் சொன்னாள். "ஸ்டீரிங்க நேராப் புடிக்க ஒரு ஆள் வேணும்ல?"

ஒன்றரை மணி நேரம். பதினொன்றரைக்கு வண்டி சவுக்கு மரத்தடியில் நின்றது, கதவுகளிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுக. சற்று நேரத்தில், நாங்கள் காப்பி குடித்த இடத்தில் என் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவர்கூட நன்றி வாங்கிக்கொள்ள நிற்கவில்லை.

பழுது பார்க்க மூன்று நாள் ஆயிற்று. பார்வதிபாய் தன் வீட்டு இட நெருக்கடியைப் பாராமல் எங்கள் மூவருக்கும் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். இப்ராஹிம் மிஸ்திரி முதல் நாள் முழுவதும் வண்டியைக் கிணற்று நீரால் கழுவினார். தென்னந்தோப்பு மோட்டாரைப் போட்டு, அடியில், இடுக்கில், கம்பியில், எல்லா இடத்திலும். "உப்பு தூங்காது! நீ தூங்கும்போதும் அது தின்னும்!" என்று கத்துவார். கியர் எண்ணெயை இறக்கினார். வெள்ளையாகப் பால்போல வந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றித் துண்டு துண்டாக்கி வெயிலில் கோணியில் பரப்பினார். பிறகு என்னிடம் ஒரு பிரேக் டிரம்மையும் மண்ணெண்ணெயையும் உப்புத்தாளையும் கொடுத்து, "தேய்" என்றார்.

நான் தேய்த்தேன். பக்கத்தில் செல்வி இன்னொரு டிரம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரையேறியதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மிஸ்திரியோடு மராத்தியில் பேசினாள். சுனந்தாவோடு சிரிக்கக்கூடச் செய்தாள். சுனந்தா பார்வதிபாயின் சமையலறையில் குடியேறிவிட்டிருந்தாள். சோலாப்பூரின் சைவக்காரி, மீனைச் செதிலெடுக்கக் கற்றுக்கொண்டு, தான் சாப்பிடாமல் எங்களுக்குப் பொரித்துக் கொண்டுவந்தாள். அரிசி மாவில் புரட்டி இரும்புக் கல்லில் பொரித்த வஞ்சிரம். அதன் ருசியைச் சொல்லக்கூட எனக்கு வாயில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "செல்வி, தப்பு என்னுதுதான். மன்னிச்சிரு. ஆனா பேசாம மட்டும் இருக்காத."

அவள் டிரம்மைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். "உங்க மேல கோவம் இல்ல."

"பிறகு?"

"எறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் மேடம். பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேன், தெரியாதா? வேற யாருனா சொல்லியிருந்தா, அட போன்னு சொல்லியிருப்பேன். நீங்க சொன்னீங்க, என் வாய் மூடிக்கிச்சு." உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "பத்து வருஷம் உங்க வாசல்ல ஹாரன் அடிச்சிட்டு நின்னிருக்கேன். பாப்பா லேட்டா வந்தாலும் ஒண்ணும் சொன்னதில்ல. மழைல நனைஞ்சிட்டு நின்னாலும் சொன்னதில்ல. அந்தப் பழக்கம் இங்கயும் கூட வந்துடுச்சி. என் வண்டி போயிருக்கும், ஒரு 'வேணாம்' சொல்ல வாய் வராம. அத நெனச்சா என் மேலயே கோவமா வருது."

அக்கா என்று கூப்பிடச் சொன்னால் சிநேகிதி ஆகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை டீயைக்கூட நான்தான் கொடுத்திருக்கிறேன். கட்கியில் அவள் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்க்கையில், மூன்று நாளாக எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது, எப்போது கிளம்புவது என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்லியிருந்தேன். வண்டி அவளுடையது.

"இனிமே நீ சொல்றதுதான்" என்றேன் கடைசியில். "எங்க போறதுன்னாலும், எங்க நிக்கிறதுன்னாலும்."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதையும் நீங்கதான் சொல்றீங்க பாருங்க."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும். கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டேன். அவளும் சிரித்தாள். என் முகம் முழுக்கக் கறுப்பாகிவிட்டதைப் பார்த்து மிஸ்திரி, "முகத்தை அல்ல, டிரம்மைத் தேய்!" என்று கத்தினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டி கிளம்பியது. முதல் சாவிக்கு முனகியது, இரண்டாவதுக்கு இருமியது, மூன்றாவதுக்குக் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஓடியது. ஊர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மிஸ்திரி கேட்கும் காதைப் பேனட்டின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஓடும்" என்றார், முதல்முறையாக மெல்லிய குரலில். அவர் சொன்னபடியே அந்த வண்டி அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடியது. ஜூனில் பள்ளி திறந்த அன்று ஒரு வீட்டுக்குக்கூட அது பிந்திப் போகவில்லை. மிஸ்திரி தன் கூலியை வாங்கிக்கொண்டார். பார்வதிபாய் எதையும் வாங்கவில்லை. நான் நீட்டியபோது, கையைப் பிடித்து மூடிவிட்டு, "அடுத்த தடவை நிலாவைப் பார்த்துவிட்டு வா" என்றார்.

மறுநாள் காலை சாலைக்கு வந்ததும் நான் சொன்னேன். "செல்வி, நேரா புனேக்கு விட்டுரு. வண்டிய நல்லா ஒருதரம் காட்டணும். பட்டது போதும்."

"முடியாது" என்றாள் செல்வி.

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"குஹாகர் போறோம். அப்பறம் ரத்னகிரி. கெளம்பும்போது என்னா பேசினோம்? பத்து நாள். இன்னும் நாலு நாள் இருக்குது. வண்டிக்கு ஒண்ணும் இல்ல, நான் ஓட்டறேன், எனக்குத் தெரியாதா? நீங்க போணும்னா தாபோலி பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன். நானும் சுனந்தாவும் போறோம்."

சுனந்தாவுக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் காதில் விழுந்ததும், என்ன விஷயம் என்று கேட்டாள். செல்வி மராத்தியில் சொன்னாள். சுனந்தா உடனே, "ஆமாம், நாங்கள் போகிறோம்" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கவில்லை.

குஹாகர் போகும் வழியில், தாபோள் கழிமுகத்தில் பாலம் கிடையாது. வண்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான பெரிய படகுதான். அதில் ஏறும்போது வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி ஏற்ற வேண்டும். அக்கரையில் நேராக இறங்கிவிடலாம். இரும்புச் சரிவு குறுகலானது. இரண்டு பக்கமும் தண்ணீர். ஓட்டுநரைத் தவிர மற்றவர்கள் இறங்கி நடக்கவேண்டும் என்றார்கள். வரிசையில் நின்ற ஆண்கள் செல்வியைப் பார்த்ததும் ஆளாளுக்கு முன்வந்தார்கள். "தாயி, சாவியைக் கொடுங்கள், நான் ஏற்றித் தருகிறேன்." "பின்னால் எடுப்பது கஷ்டம் தாயி." செல்வி எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. நாலு நாளைக்கு முன்பு தண்ணீரில் நின்ற வண்டி மறுபடி தண்ணீரை நோக்கி, அதுவும் பின்பக்கமாக. ஓடிப்போய்ச் சரிவின் நடுவில் நின்றுகொண்டேன். இரண்டு கையையும் ஆட்டி, "லெஃப்ட், லெஃப்ட்… மெதுவா… ரைட்டுல ஒடி…" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தேன்.

வண்டி நின்றது. ஜன்னலிலிருந்து செல்வியின் தலை வெளியே வந்தது. துறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள்:

"ராஜிக்கா! கைய ஆட்டறத நிறுத்துங்க! ஓரமாப் போங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மொழி புரியாவிட்டாலும் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சுனந்தா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் ஓரமாகப் போனேன். செல்வி ஒரே வீச்சில் வண்டியைப் படகில் ஏற்றினாள்.